ரொட்டிக்காரியின் சக்களத்தி

லாரியை விட்டு இறங்கிய அன்றைக்கே ரொட்டிக்காரி அதற்குப் பெயர் வைத்துவிட்டாள்: சக்களத்தி. வேறு என்ன பெயர் பொருந்தும்? கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சிரிக்காத மனுஷன், வாயெல்லாம் பல்லாக, லாரிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, "மெதுவா, மெதுவா" என்று கையசைத்து ஒரு துருப்பிடித்த டிராக்டரை வீட்டுக்கு அழைத்துவந்தால் கட்டினவள் ஆரத்தியா எடுப்பாள்?

டிராக்டர் என்று அவர் சொன்னதால் டிராக்டர். பார்வைக்கு அது நாலு சக்கரத்தின் மேல் ஏற்றிய ஒரு பெரிய இரும்புப் பானை. மேலே புகைக்குழாய், குழாய்க்குள் குளவிக்கூடு, சீட்டுக்கு அடியில் ஒரு பூனைக் குடும்பம். மரம் அறுக்கும் மில்லில் பெல்ட் மாட்டி ரம்பம் சுற்றிக்கொண்டிருந்த வண்டி அது. மில்லை மூடிய பிறகு வருஷக்கணக்கில் மழையில் கிடந்தது. யாராவது எடுத்துப்போனால் சரி என்று காத்திருந்த மில்காரர், இவர் கேட்டதும் மனம் மாறிவிடப் போகிறாரோ என்று பயந்து லாரியையும் அவரே பிடித்துக் கொடுத்தார்.

அவள் புருஷன் லேத்துக்காரர். இரும்பை மயிரிழைக் கணக்கில் சீவுகிறவர், பேச்சையும் அப்படியே சீவிச் சீவித்தான் பேசுவார். அவளோ பேக்கரியில் பன் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். அடுப்புக்காரர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட, உள்ளே வெந்துகொண்டிருந்த ரொட்டி கருகிவிடக் கூடாதே என்று அடுப்படியில் போய் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். காலப்போக்கில் பேக்கரியே அவள் கைக்கு வந்தது. அடுப்புத் தரையில் ஒரு சிட்டிகை மாவைத் தூவுவாள். அது நிறம் மாறுகிற வேகத்தைப் பார்த்து, இது ரொட்டிச் சூடு, இது பிஸ்கட் சூடு என்று சொல்லிவிடுவாள். லேத்துக்காரர் அவளை 'முதலாளியம்மா' என்றுதான் கூப்பிடுவார். கேலிதான். ஆனால் என்றைக்காவது அப்படிக் கூப்பிடாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

பேக்கரிக்குப் பின்னால் அவர்கள் வீடு, நடுவில் ஒரு முற்றம். சக்களத்தி அந்த முற்றத்தில் குடியேறினாள். அன்றிலிருந்து அவர் பட்டறை விட்டு வந்தால் நேரே அங்கேதான். கழற்றிய சாமான்களை வைக்க ரொட்டித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் பன்னோடு வந்து நின்றார். உள்ளே திராட்சை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்டு. அவள் கூனிக் குறுகிப் போனாள். புருஷன் அந்த நட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அப்பாடா! இதைத்தான் ரெண்டு நாளா தேடிட்டிருந்தேன்."

"ஏங்க, அவரு பல்லு போயிருந்தா?"

"பல்லு வேற கட்டிக்கலாம் முதலாளியம்மா. இந்த மரை எங்கயும் கிடைக்காது."

பிஸ்டன் இறுகிக் கிடந்தது. ஒரே ஒரு பிஸ்டன்தான் அந்த வண்டிக்கு. ஆனால் அது தண்ணி வாளி அளவு. எண்ணெய் ஊற்றினார், மரக்கட்டை வைத்து அடித்தார், கெஞ்சினார். மாதக்கணக்கில் அசையவே இல்லை. பொறுக்க முடியாமல் அவள்தான் ஒருநாள் அடுப்பிலிருந்து வாரிய தணலை இரும்புச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். "எப்படியும் கொட்டத்தான் போறேன், உங்க ஆளுக்கு ஒத்தடம் குடுங்க" என்றாள். அவர் சிலிண்டரைச் சுற்றித் தணலைக் குவித்து வைத்தார். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம். இருவரும் துள்ளிப் போனார்கள். இத்தனை வருஷம் இறுகிக் கிடந்தது விட்டுக்கொடுத்த சத்தம் அது. அவளுக்குப் புல்லரித்தது. காட்டிக்கொள்ளாமல், "சட்டியை மறக்காம திருப்பிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அவள் வாய் திட்டியதே தவிர, கால் முற்றத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. மட்கார்டு, மூடி, தகடு எல்லாவற்றுக்கும் அவர் சிவப்புப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் கெட்டிப்பட சூடு வேண்டும் என்றார். ரொட்டி எடுத்த பின் ஆறிக்கொண்டிருந்த அவள் அடுப்பில் மட்கார்டுகள் ஒவ்வொன்றாக வெந்தன. பதம் பார்த்து எடுத்ததும் அவள்தான். வாரம் முழுக்க ரொட்டியில் பெயின்ட் வாசனை. வாடிக்கையாளர்கள் மூஞ்சியைச் சுளித்தார்கள். ஆனால் அந்தச் சிவப்பு இருந்ததே! முகம் பார்க்கலாம். முகம் பார்க்கவும் பார்த்தாள், யாரும் இல்லாதபோது.

வண்டி உருவாகிவிட்டது. ஓட்டிப் பார்க்க வேண்டிய அன்று சாயங்காலம் அவர் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார், பிடித்ததை அப்படியே தண்டோடு உருவிக் கையில் எடுத்தார். அவள் அலறிவிட்டாள்.

"ஐயையோ, ஓட்டுறதையே பிடுங்கிட்டீங்களே!"

"பதறாதே. இதைக் கிளப்புற கைப்பிடியும் இதுதான், ஓட்டுற சக்கரமும் இதுதான். செஞ்சவன் அப்படி யோசிச்சிருக்கான் பாரு."

பிளக் இல்லை, பேட்டரி இல்லை, பொறி வைக்க எதுவுமே இல்லை. முன்னால் துருத்திக்கொண்டிருக்கிற இரும்புக் குமிழை ஊதுவிளக்கு வைத்துச் சுட வேண்டும். அது மங்கலாகச் சிவந்ததும், இஞ்சினின் பக்கவாட்டில் அதோடு சேர்ந்து சுற்றுகிற பெரிய இரும்புச் சக்கரத்தின் நடுவில் ஸ்டியரிங் தண்டைச் செருகி, முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்ட வேண்டும். எண்ணெய் உள்ளே தெளித்து, அந்தச் சூட்டில் பட்டு வெடிக்கும். ஒரு தடவை வெடித்துவிட்டால் போதும், ஊதுவிளக்கை அணைத்துவிடலாம். பிறகு வெடிப்பின் சூடே அடுத்த வெடிப்புக்கு ஆகும். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். தன் அடுப்புக்கே நாள் முழுக்க விறகு கொடுத்தாக வேண்டும். இதுவோ ஒரு முறை கடன் வாங்கிய சூட்டை விடாமல் காப்பாற்றிக்கொள்கிற அடுப்பு.

"பின்னாடி போறதுக்கு?"

"பின் கியரே கிடையாது. இஞ்சினையே தலைகீழாத் திருப்பிடுவேன். எப்படின்னா..."

எப்படி என்று அவர் ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவள் தலையாட்டிக்கொண்டே குமிழைப் பார்த்தாள். இருட்டுகிற வேளையில் அது பழுத்துச் சிவந்துகொண்டிருந்தது. விளையாட்டாக ஏப்ரனில் ஒட்டியிருந்த மாவைக் கிள்ளித் தூவினாள். கருகக்கூட இல்லை; 'சுர்' என்று பொறியாகப் பறந்தது. அப்படி ஒரு சூட்டை அவள் பார்த்ததே இல்லை. தூவின கையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

அவர் தண்டைச் செருகினார். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, கொக்கி மாதிரி விரல்களால்தான் இழுக்க வேண்டும், எதிர்த்து உதைத்தால் விட்டுவிட வேண்டும் என்று பாடம் சொன்னவரும் அவர்தான். ஆனால் கையில் இருந்தது ஸ்டியரிங். ஸ்டியரிங்கை மனுஷன் எப்படிப் பிடிப்பான்? வண்டி ஓட்டுகிறவன் பிடிப்பது போல, கட்டைவிரலைச் சுற்றி, இறுக்கி. இஞ்சின் உதைத்தது. கை விடவில்லை. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குப் பிஸ்டன் இளகிய அதே 'ணங்' மாதிரியே கேட்டது.

எலும்பு சேர்ந்தது. விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. வலது கையில் ஒரு டம்ளர் நிற்கவில்லை. லேத்தில் எங்கே நிற்பது? பட்டறையில் வேறொருவர் அவர் இடத்துக்கு வந்தார். டாக்டர், எதையாவது பிசைந்துகொண்டே இருக்கச் சொன்னார். பிசைகிற சமாசாரம்தானே என்று அவள் தினமும் ஒரு உருண்டை மாவைத் தட்டில் வைத்து அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள். அவர் தொடவே மாட்டார். மாவு தன்பாட்டுக்குப் பொங்கித் தட்டை விட்டு வழியும். சாயங்காலம் வந்து வழித்து எடுத்துப் போவாள்.

அவர் ஒன்றும் கத்தவில்லை, கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டதற்கு 'ம்' என்றார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. 'முதலாளியம்மா' என்ற சொல் அந்த வீட்டை விட்டுப் போயே போய்விட்டது. முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் சக்களத்தி நின்றாள். ரொட்டிக்காரி போகும்போதும் வரும்போதும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். "எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எங்க ஆளையே ஒடிச்சுட்டியே, நீ நல்லா இருப்பியா?"

கடைசியில் அவரே ஆள் விட்டுப் பழைய இரும்புக்காரரை வரவழைத்தார். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "முழுசா எடுக்க முடியாதுங்க, துண்டு போட்டுத்தான்" என்றார். லேத்துக்காரர் "ம்" என்றார். உள்ளே போய்ச் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். இடது கையால் வலது கையைத் தூக்கி, அடுத்தவர் வீட்டுக் குழந்தையைப் போலப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். டிராக்டர் போனால் போகட்டும், சனியன். ஆனால் அது துண்டு துண்டாகப் போனால் இந்த மனுஷன் இனி எழுந்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை யாரிடம் சொல்ல?

மறுநாள் காலை முதல் ஈடு ரொட்டியை எடுத்துவிட்டு அவள் முற்றத்துக்கு வந்தபோது பழைய இரும்புக்காரர் வேலையைத் தொடங்கியிருந்தார். தார்ப்பாய் சுருண்டு கிடந்தது. கேஸ் சிலிண்டரும் குழாயும் தயாராக இருந்தன. வெட்ட வேண்டிய இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மட்கார்டின் சிவப்பின் குறுக்கே, பளபளப்பின் நடுவே, ஒரு வெள்ளைக் கோடு.

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ!

"யாரைக் கேட்டு இதுல கோடு போட்டீங்க?"

"ஐயாதாம்மா வெட்டச் சொன்னாரு."

"இது என் அடுப்புல வெந்த சிவப்பு. ஐயா சொன்னா ஆச்சா?" ஏப்ரன் நுனியால் கோட்டை அழுத்தித் துடைத்தாள். துடைத்த பிறகுதான் தான் என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. "வெட்டறதை அப்புறம் வெட்டுங்க. இது ஒரு தடவை ஓடணும். அந்த ஊதுவிளக்கை இப்படி எடுங்க."

அவர் சிரித்தார். "லேத்துக்காரர் கையையே ஒடிச்சுப் போட்டதும்மா இது."

"என் கை எவ்வளவு மாவைப் பார்த்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று முழங்கை வரை சட்டைக் கையைச் சுருட்டினாள். அவர் பார்த்தார். விளக்கை எடுத்துக் கொடுத்தார்.

ஊதுவிளக்கு சீறியது. நீலத் தீ குமிழை நக்கியது. ஆனால் சுள்ளென்ற காலை வெயிலில் இரும்பு சிவந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? புருஷன் இதைச் சாயங்காலத்தில் செய்ததன் காரணம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே ஓடி ஒரு கிண்ணம் மாவோடு வந்தாள். ஒரு சிட்டிகை தூவினாள். கருகிப் புகைந்தது. இன்னும் ஆகவில்லை. காத்திருந்தாள். மறுபடியும் தூவினாள். சுர்ரென்று பொறி பறந்தது. அது! அன்றைக்குப் பார்த்த அதே சூடு.

ஸ்டியரிங்கை உருவிப் பெரிய சக்கரத்தில் செருகினாள். புருஷனை முறித்த இடத்தில் அவள் கை இருந்தது. கட்டைவிரல்களை மற்ற விரல்களோடு ஒட்டிக்கொண்டாள். மாவு பிசையும்போது அவள் கட்டைவிரல் எப்போதும் அப்படித்தான் இருக்கும். எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற லீவரைத் தள்ளி வைத்துவிட்டு, சக்கரத்தை முன்னால் தள்ளினாள். உள்ளே காற்று இறுகி அவளைத் திருப்பித் தள்ளியது. அவள் எதிர்க்கவில்லை, விட்டாள். அது வந்து, போக நினைத்தபோது கூடவே தள்ளினாள். மாவும் இப்படித்தானே? அடம்பிடித்தால் அடம்பிடிக்கும், போக்கில் விட்டுப் பிடித்தால் வழிக்கு வரும். முன்னால், பின்னால். ஆட்டம் பெரிதாகியது. பழைய இரும்புக்காரர் என்னவோ வேண்டிக்கொண்டார்.

டொம்.

ஸ்டியரிங் அவள் உள்ளங்கையிலிருந்து எகிறி, ஒரு சுற்று சுற்றித் தரையில் விழுந்தது. கை முழுசாக இருந்தது. டொம். மறுபடி டொம். புகைக்குழாயிலிருந்து ஒரு கரிய வளையம் கிளம்பி, குலையாமல் மேலே மேலே போனது. முற்றத்து மண் அதிர்ந்தது. பேக்கரியில் தட்டுகள் கலகலவென்று பேசத் தொடங்கின. அவ்வளவு பெரிய வண்டி, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு மூச்சு விட்டது. ஆமாம், மூச்சுதான். விளக்கை அணைத்தாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. சக்களத்தி என்றோமே, இதைப் போயா ஏசினோம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

ஆனால் நின்று ரசிக்க நேரமில்லை. ஸ்டியரிங்கைப் பொறுக்கி அதன் இடத்தில் செருகினாள். ஏறி உட்கார்ந்தாள். கிளட்சும் கியரும் எங்கே என்று தெரியும். அவர் கிரீஸ் போட்ட நாட்களில் அவளைத்தான் உட்கார வைத்து மிதிக்கச் சொல்வார். கேட்டைப் பார்த்து நேராக வைத்துக்கொண்டு, கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டு, காலை எடுத்தாள்.

வண்டி பின்னால் போனது.

பின்னால் பழைய இரும்புக்காரர் நின்றிருந்தார். கேஸ் சிலிண்டரும் நின்றிருந்தது. அவர் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை அவர் வயசுக்கு யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கியரோ முன் கியர். சக்கரமோ பின்பக்கம். துணி காயப்போட்ட கயிறு கழுத்தில் மாட்டி, புருஷன் சட்டை ஒன்று அவள் தலையில் விழுந்தது. அடுத்து இருப்பது அவளுடைய அடுப்புச் சுவர்.

"கிளட்ச்! கிளட்சை மிதி! முதலாளியம்மா, மிதி!"

மிதித்தாள். வண்டி சுவரைத் தொடுகிற மாதிரி நின்றது. தலையிலிருந்த சட்டையை எடுத்துப் பார்த்தாள். வாசலில் அவர் நின்றிருந்தார், வெறுங்காலோடு, கசங்கிய முகத்தோடு, கண்கள் மட்டும் பழைய கண்களாக. அவருடைய பார்வை புகைக்குழாய்க்குப் போனது, பெரிய சக்கரத்துக்குப் போனது, பிறகு அவள் கைகளுக்கு வந்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தது.

"கை?"

"கை நல்லாத்தான் இருக்கு. இது ஏங்க பின்னாடி போகுது?"

"அது ஒழுங்காத்தான் போகுது. நீ தலைகீழாக் கிளப்பியிருக்கே." சொல்லும்போதே அவர் உதடு கோணியது. சிரிப்பா, அழுகையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அன்னைக்கே சொன்னேனே, தலையாட்டினியே!"

இடது கையால் மட்கார்டைப் பற்றி மேலே ஏறினார். மடங்காத வலது கையை அவள் தோளில் ஊன்றிக்கொண்டார். இடது கை எண்ணெய் லீவரைத் தேடிப் பிடித்தது. "பேசாதே. கேளு" என்றார். லீவரை மெல்ல மெல்லக் குறைத்தார்.

டொம்... டொம்... சத்தம் தள்ளித் தள்ளி வந்தது. பெரிய சக்கரம் சோர்ந்தது. டொம். தட்டுகள் பேச்சை நிறுத்தின. பழைய இரும்புக்காரர் சிலிண்டரை அணைத்தபடியே நின்றார். சக்கரம் ஒரு பாதிச் சுற்று ஏறியது, உள்ளே காற்று இறுகியது, ஏற முடியாமல் நின்றது. நின்றேவிட்டது. போச்சு, செத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் கை அசையவில்லை. அந்த முகத்தை அவள் பார்த்தாள். லேத்தில் கடைசிச் சீவலுக்குக் குனிகிறபோது அவருக்கு இருந்த அதே முகம்.

சக்கரம் பின்னால் சாயத் தொடங்கிய அந்த இமைப்பொழுதில் லீவரைத் தள்ளினார்.

டொம்.

எதிர்ப்பக்கம் சுற்றியது! நின்றுபோன அதே இரும்பு, தன் மூச்சைத் தானே திருப்பிக்கொண்டு, வந்த வழிக்கு நேர் எதிராக ஓடத் தொடங்கியது. டொம், டொம், டொம். அவள் "அம்மாடி" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். இதை யோசித்தவன் மனுஷன்தானா? இதைச் செய்துகாட்டிய கையும் நம் வீட்டுக் கைதானா?

"இப்போ விடு" என்றார்.

காலை எடுத்தாள். வண்டி முன்னால் போனது. கேட்டைத் திறந்துவிட்டவர் பழைய இரும்புக்காரர்தான். கூலி கேட்காமல் திறந்தார். தெருவில் வாடிக்கையாளர்கள் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நின்றார்கள். பன்னில் நட்டு கிடைத்தவரும் அங்கே இருந்தார்.

"ஏங்க, இப்போ கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்கலாமா?"

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. இப்போ இது ஓட்டுற சக்கரம்."

தெருக்கோடி வரைதான் போனார்கள். அவள் ஸ்டியரிங், அவர் லீவர். திரும்பி வந்தபோது இரண்டாம் ஈடு ரொட்டி மொத்தமும் கருகியிருந்தது. அவள் அடுப்புக்கு வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. அவள் அதற்காக ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மாவை வழித்தெடுக்க அவர் கட்டிலருகே போனாள். கட்டிலில் ஆள் இல்லை, முற்றத்தில் எதையோ துடைக்கிற சத்தம் கேட்டது. தட்டில் மாவு பொங்கி வழியவில்லை. சப்பையாகக் கிடந்தது. அதன் மேல் விரல் தடங்கள் இருந்தன. ஆழமில்லை, ஒன்றிரண்டு தொட்டும் தொடாமலும்தான். வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு மறுபடி உருட்டாமல், தடம் கலையாமல், அந்த மாவை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அடுப்பில் வைத்தாள்.